பிடிஎஃப்.ஜேஎஸ்

பிடிஎஃப்.ஜேஎஸ் என்பது பிடிஎஃப் ஆவணங்களை இணையப் பக்கத்துக்குள்ளேயே திறந்து காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு. மொசில்லாவில் 2011இல் உருவான இதை, அப்பாச்சி 2.0 உரிமத்தின்படி எவரும் தம் தளத்தில் பயன்படுத்தலாம். பயர்பாக்ஸ் உலாவியில் பிடிஎஃப் கோப்புகளைக் காட்டுவதும் இதுவே.

பின்னணி

அடோபி நிறுவனர்களுள் ஒருவரான ஜான் வார்நாக் 1991இல் வகுத்த ‘கேமலாட்’ திட்டத்திலிருந்து பிறந்த பிடிஎஃப் 1993இல் வெளிவந்தது. 2008இல் ஐஎஸ்ஓ 32000-1 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் அச்சிட்டதுபோல் மாறாமல் தெரியும். ஆயினும் உலாவிகள் நெடுங்காலம் அதைத் தாமாகக் காட்டவில்லை. அதற்கெனத் தனிச் செருகுநிரலை நிறுவ வேண்டியிருந்தது. இணையப் பக்கங்களுக்கு உலாவி விதிக்கும் கட்டுப்பாடுகள் செருகுநிரலுக்குப் பொருந்தவில்லை. அதில் ஓட்டை இருந்தால், தீய நோக்குடன் தயாரித்த ஓர் ஆவணத்தைத் திறந்ததுமே கணினி பிறர் கைக்குப் போய்விடும் அபாயம் இருந்தது.

தோற்றம்

உலாவியில் ஏற்கெனவே உள்ள வசதிகளைக் கொண்டே பிடிஎஃப் காட்டியை எழுதும் முயற்சியை ஆண்ட்ரியாஸ் கால், கிறிஸ் ஜோன்ஸ் ஆகியோர் தொடங்கினர். பயர்பாக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தில் அக்காலத்தில் இருந்த ட்ரேஸ்மங்கி பற்றிய ஆய்வுக் கட்டுரையைப் புள்ளி பிசகாமல் காட்டுவதே முதல் இலக்கு. 2011 ஜூலையில் வந்த 0.2ஆம் பதிப்பு அந்த இலக்கை எட்டியது. 2013 பிப்ரவரியில் வெளியான பயர்பாக்ஸ் 19 முதல், இது அவ்வுலாவியின் இயல்புக் காட்டியானது. கூகுள் குரோம் வேறு வழியில் சென்றது: அதன் காட்டியான பிடிஎஃப்பியம், சி++ மொழியில் எழுதப்பட்டது.

செயல்படும் விதம்

கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலை ‘வெப் வொர்க்கர்’ எனப்படும் பின்னணி இழையில் நடக்கிறது. அதனால் பெரிய ஆவணமானாலும் பக்கம் உறைவதில்லை. கோடுகளும் படங்களும் எழுத்துகளும் ‘கேன்வாஸ்’ பரப்பில் வரையப்படுகின்றன. ஆவணத்தில் பொதிந்துள்ள எழுத்துருக்கள், உலாவி ஏற்கும் ஓப்பன்டைப் வடிவுக்கு மாற்றப்படுகின்றன. வரைந்த பக்கத்தின்மேல், கண்ணுக்குத் தெரியாத உரை அடுக்கு ஒன்று விரிக்கப்படுகிறது. தேடுவதும் நகலெடுப்பதும் அதைக் கொண்டுதான்.

தமிழ் ஆவணங்களில் இவ்விரு அடுக்குகளின் வேறுபாடு கண்கூடு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தயாரித்த கோப்பு திரையில் பிழையின்றித் தெரியும். நகலெடுத்தால் பெரும்பாலும் ரோமன் எழுத்துக் குவியலே மிஞ்சும். எழுத்தின் வடிவம் கோப்பில் இருக்கிறது. அதற்குரிய ஒருங்குறி எண் இல்லாததே காரணம்.

பாதுகாப்பும் வளர்ச்சியும்

செருகுநிரலைத் தவிர்த்ததால் ஆபத்து குறைந்ததே தவிர, அறவே நீங்கவில்லை. 2015 ஆகஸ்டில் பயர்பாக்ஸின் பிடிஎஃப் காட்டி வழியாகப் பயனரின் கோப்புகளைத் திருடும் தாக்குதல் கண்டறியப்பட்டு, 39.0.3ஆம் பதிப்பில் அடைக்கப்பட்டது. எழுத்துருக்களைக் கையாளும் பகுதியில் இருந்த மற்றொரு ஓட்டை 2024இல் சரிசெய்யப்பட்டது. தம் தளத்தில் பிடிஎஃப்.ஜேஎஸ் வைத்திருப்போர் பழைய பதிப்பிலேயே தங்கிவிடலாகாது என்பதை இவை உணர்த்தின. 2022 அக்டோபரில் வந்த பயர்பாக்ஸ் 106, ஆவணத்தின்மேல் எழுதவும் வரையவும் வகைசெய்தது.