வுடனுக்குப் பின், நைட்டுக்குப் பின்

1975 மார்ச் மாதக் கடைசியில் பத்தாவது தேசியப் பட்டத்தை வென்ற கையோடு ஜான் வுடன் ஓய்வு பெற்றார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு அடுத்த பயிற்சியாளராக வந்தவர் ஜீன் பார்டோ. அவருடைய முதல் ஆட்டமே பாப் நைட்டின் இண்டியானா பல்கலைக்கழக அணியோடு. 84–64 என்று தோற்றார். நான்கு மாதம் கழித்துத் தேசியப் போட்டியின் அரையிறுதியிலும் அதே இண்டியானாதான் எதிரே நின்றது. 65–51, மறுபடி தோல்வி. அந்தப் பருவத்தில் இண்டியானா ஆடிய 32 ஆட்டங்களிலும் வென்றது. அதன்பிறகு ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற ஆண்கள் அணி 2025 வரை வேறொன்று வரவில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஆட்டக்காரன் பொதுவாக நான்கு வருடம்தான் இருப்பான். பயிற்சியாளர் முப்பது வருடம்கூட இருக்கலாம். அதனால் ரசிகர்களின் பாசமும் கோபமும் அவர்மீதே குவிகின்றன. அவர் போன பிறகு அணி எப்படி வாழ்கிறது என்பதில் இந்த இரண்டு ஊர்களும் இரண்டு விதம்.

வுடன் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தது 1948இல். முதல் தேசியப் பட்டம் 1964இல். அதாவது பதினாறாவது பருவத்தில். இன்றைய நிர்வாகம் எதுவும் அவ்வளவு காலம் பொறுத்திருக்காது. அதன்பின் நடந்ததை இன்றும் நம்ப முடியவில்லை: 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள், 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு, நடுவே 88 ஆட்டத் தொடர் வெற்றி. ஒவ்வொரு பருவத்தின் முதல் பயிற்சியிலும் நாடு முழுவதும் பெயர் பெற்ற இளைஞர்களை உட்காரவைத்து, காலுறையைச் சுருக்கமில்லாமல் எப்படி இழுத்துவிடுவது, ஷூ நாடாவை எப்படி முடிவது என்று சொல்லிக்கொடுப்பார். காலுறை சுருங்கினால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். ஆண்டுச் சம்பளம் கடைசிவரை 35,000 டாலரைத் தாண்டவில்லை.

நைட் நேர்மாறு. முப்பது வயதில், 1971இல் இண்டியானாவுக்கு வந்தார். ஐந்தாவது பருவத்திலேயே பட்டம். பிறகு 1981, 1987. ஒழுக்கம், படிப்பு, தடுப்பாட்டம் இவற்றில் விட்டுக்கொடுக்காதவர். தன் கோபத்தை மட்டும் அடக்கியதில்லை. 1985இல் பர்டியூ பல்கலைக்கழக அணியுடன் நடந்த ஆட்டத்தில் நடுவரோடு தகராறு செய்து, எதிரணி ஆள் பந்தெறியத் தயாராக நின்றபோது ஒரு நாற்காலியைத் தூக்கி ஆடுகளத்தின் குறுக்கே வீசினார். இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கும் புளூமிங்டன் நகரில் அதை இன்னமும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பயிற்சியில் ஒரு மாணவரின் கழுத்தில் அவர் கை வைத்த ஒளிப்பதிவு 2000இல் வெளியானபோது சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட் அவரை நீக்கினார். ஆயிரக்கணக்கான மாணவர்கள் பிராண்டின் வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள்.

ஒருவர் தானே எழுந்து போனார், மற்றவர் அனுப்பப்பட்டார். பின்னால் வந்தவர்களின் தலைவிதி இதில்தான் பிரிகிறது.

வுடன் ஊரைவிட்டுப் போகவில்லை. முதுமையிலும் பாலி பெவிலியன் அரங்கில், அணியின் இருக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து அமைதியாக ஆட்டம் பார்ப்பார். மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மருமகள் சமைத்துப் பரிமாற வேண்டியதுதான். மாமியார் ஒரு குறையும் சொல்லாதவராக இருந்தால் இன்னும் கஷ்டம். பார்டோ இரண்டு பருவங்களில் 52 ஆட்டங்களில் வென்று ஒன்பதில் மட்டுமே தோற்றார்; அதற்கும் ஏச்சுத்தான். அலபாமாவில் அணியே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப் போய்விட்டார். 1995இல் பட்டத்தை மீட்டுத்தந்த ஜிம் ஹாரிக் வுடனுக்குப் பின் வந்த ஆறாவது ஆள். அவரும் ஒரு விருந்துச் செலவுக் கணக்கைப் பொய்யாகக் காட்டியதால் அடுத்த ஆண்டே வேலையிழந்தார். 2006 முதல் 2008 வரை மூன்று முறை தொடர்ந்து அரையிறுதி கண்ட பென் ஹவ்லண்ட், 2013இல் லீக் பட்டம் வென்ற பருவம் முடிந்ததுமே நீக்கப்பட்டார்.

வுடனின் பொற்காலம் முழுக்கத் தூயதா என்றால், பணக்கார அபிமானி ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் செய்த சலுகைகளுக்காக 1981இல் யு.சி.எல்.ஏ. தண்டனை பெற்றதும் வரலாற்றில் இருக்கிறது. ரசிகர் நினைவு அதைத் தள்ளிவைத்துவிட்டது.

இண்டியானாவுக்கு எண்ணிக்கை பெரிய சுமையல்ல. மூன்று பட்டங்களை இன்னொருவர் எட்டிவிடலாம். அங்கே உறுத்தியது காலி நாற்காலி. இருபது ஆண்டுகள் நைட் இண்டியானாவின் அரங்கமான அசெம்ப்ளி ஹால் பக்கமே வரவில்லை. மைக் டேவிஸ் 2002இல் அணியை இறுதியாட்டம்வரை கொண்டுபோயும், நைட்டின் இடத்தைப் பறித்தவர் என்றே ஒரு கூட்டம் அவரைப் பார்த்தது. கெல்வின் சாம்ப்சன் விதியை மீறி, அணியில் சேர்க்க நினைத்த மாணவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் செய்து 2008இல் வெளியேறினார். டாம் க்ரீன் கைக்கு வந்த அணி முதல் பருவத்தில் 6 வெற்றி, 25 தோல்வி. அங்கிருந்து, 2011 டிசம்பரில், முதலிடத்தில் இருந்த கென்டக்கியைக் கடைசி நொடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்டு எறிந்த பந்தால் 73–72 என்று வீழ்த்தியபோது அரங்கமே ஆடுகளத்தில் இறங்கியது. ஒரு சாதாரண டிசம்பர் ஆட்டத்துக்கு அவ்வளவு கொண்டாட்டம் என்றால், எத்தனை நாள் பசி என்று புரிந்துகொள்ளலாம்.

2020 பிப்ரவரி 8 அன்று நைட் திரும்பி வந்தார். பழைய மாணவர்கள் சூழ, தளர்ந்த நடை; தடுப்பாட்டம் ஆடச் சொல்லி அவர் குரல் எழுப்ப, அரங்கம் சேர்ந்து கத்தியது. ஆட்டத்தில் பர்டியூதான் வென்றது. அடுத்த ஆண்டு நைட்டின் மாணவர் மைக் வுட்சன் பயிற்சியாளரானார். வீட்டுப் பிள்ளை வந்தால் வீடு நிமிரும் என்ற நம்பிக்கை. நான்கு பருவங்களில் இரண்டுமுறை தேசியப் போட்டிக்குள் போனதோடு சரி. 2025 தொடக்கத்தில் அதே அரங்கிலிருந்து அவரை நீக்கு என்ற கோஷம் எழுந்தது.

இதே மருந்தை யு.சி.எல்.ஏ. வேறு விதமாகச் சாப்பிட்டுப் பார்த்தது. 1987 இண்டியானா அணியின் நட்சத்திரம் ஸ்டீவ் ஆல்ஃபோர்டை இண்டியானா ரசிகர்கள் ஆண்டுக்கணக்காய் எதிர்பார்த்திருக்க, 2013இல் அவரை வுடனின் இடத்துக்கு அழைத்துக்கொண்டது யு.சி.எல்.ஏ. 2018 டிசம்பர் 31 அன்று, பருவத்தின் நடுவிலேயே, அவரையும் நீக்கியது.

இரு ரசிகர்களில் யு.சி.எல்.ஏ. ரசிகர்தான் ஏக்கத்தைச் சற்று நிதானமாகச் சுமக்கிறார் என்பது என் எண்ணம். அவருக்கு 1995 கிடைத்தது. வுடன் இல்லாமலும் முடியும் என்று கண்ணால் பார்த்துவிட்டார். இண்டியானாவில் 1987க்குப் பின் அப்படி ஒன்று இல்லை. அதனால்தான் ஒவ்வொரு புது ஆளிடமும் பழைய ஆளின் சாயலைத் தேடுகிறார்கள். ஆனால் அதே பல்கலைக்கழக வளாகத்திலேயே வேறு பாடம் இருந்தது. நெடுங்காலம் தோல்விக்கே பேர்போன அவர்களுடைய அமெரிக்கக் கால்பந்து அணியை, ஊரோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத கர்ட் சிக்னெட்டி வந்த முதல் பருவத்திலேயே, 2024இல், 11 வெற்றிகளோடு தேசியச் சாம்பியன்ஷிப் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

2025இல் கூடைப்பந்துக்கும் அப்படியொரு வெளியாளை, டேரியன் டிவ்ரீஸை, நியமித்தார்கள். மாணவர்கள் விருப்பம்போலப் பல்கலைக்கழகம் மாறவும், பெயரை விற்றுப் பணம் ஈட்டவும் வழி திறந்துவிட்ட காலம் இது; அவர் பழைய அணியைக் கிட்டத்தட்ட முழுதாகக் கலைத்து வேறு ஆட்களைச் சேர்த்தார். 2024 முதல் யு.சி.எல்.ஏ.யும் இண்டியானா ஆடும் பிக் டென் லீக்குக்கு வந்துவிட்டதால், அதன் பயிற்சியாளர் மிக் க்ரோனினும் டிவ்ரீஸும் ஒரே பட்டியலில் வெற்றிக்காக மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. இருவருமே நைட்டிடமோ வுடனிடமோ ஆடியவர்கள் இல்லை.