கீ-போர்டு 'அவுட்'னு கடைக்கு ஓடாதீங்க!

நேற்று வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டரில் திடீரென எழுத்து விழாவிட்டால் 'வைரஸ் புகுந்துடுச்சு' என்று பதறி, புது கீ-போர்டுக்கு பணத்தை அழுகிறார்கள். பல நேரம் அது கோளாறே இல்லை.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் வலதுபக்க 'ஷிப்ட்' பட்டனை 8 விநாடி அமுக்கினால் ஒரு பெட்டி வரும். படிக்காமல் 'யெஸ்' கொடுத்தால் 'பில்டர் கீஸ்' ஆன் ஆகிவிடும். அப்புறம் லேசாக தட்டினால் எழுத்து விழாது. அழுத்திப் பிடித்தால்தான் விழும். அடையாளம் இதுதான். அதே பட்டனை மறுபடி 8 விநாடி பிடித்தால் சரியாகிவிடும்.

'ஷிப்ட்'டை வரிசையாக 5 தடவை தட்டினால் வருவது 'ஸ்டிக்கி கீஸ்'. கேம் ஆடும் பசங்க அடிக்கடி இதில் மாட்டுவார்கள். (கம்ப்யூட்டரை கெடுத்துட்டான்னு முதுகில் சாத்த வேண்டாம்!) மீண்டும் 5 தட்டு தட்டினால் போய்விடும்.

கை நடுங்குபவர்கள், ஒரே கையால் டைப் அடிப்பவர்களுக்காக விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உள்ள வசதிகள் இவை. தொல்லை தாங்கலையா? விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீ-போர்டு என்று போய் இந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் ஆப் செய்யலாம். பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால், யாருக்காவது தேவைப்படுதான்னு கேட்டுவிட்டு கை வைக்கவும்.