சீசரிடம் சில சொற்கள், மேக்பெத்திடம் சில சொற்கள்

ஆங்கிலச் சொல்வளம் பெருக ஷேக்ஸ்பியரைப் படி என்று அறிவுரை சொல்பவர்கள், எந்த ஷேக்ஸ்பியரை என்று சொல்வதில்லை. ‘ஜூலியஸ் சீசர்’ 1599இல் லண்டன் குளோப் அரங்கில் நடந்தது. ‘மேக்பெத்’ அதற்கு ஏழெட்டு ஆண்டு பிந்தியது. இரண்டிலும் ஆள்பவன் கொல்லப்படுகிறான். இரண்டும் முதலில் அச்சேறியது 1623இல் வந்த பெருந்தொகுப்பில்தான். சொல்லைக் கற்றுத் தரும் விதத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

சீசரின் மொழி எளிது. ஜிஆர்இ நுழைவுத்தேர்வுக்கான சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் மூன்றாம் அங்கத்தில் சீசரின் நண்பன் ஆண்டனி பேசும் இரங்கலுரையைப் பாருங்கள். சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸைச் சொல்லும்போதெல்லாம் ‘ஹானரபிள்’ என்கிறான். நம் சட்டமன்றத்து ‘மாண்புமிகு’வுக்கு அண்ணன் முறை அது. முதல் தடவை அதில் மரியாதை இருக்கிறது. அடுத்தடுத்துச் சொல்லச் சொல்ல அது புளிக்கிறது. முடிவில் கூட்டத்தில் ஒருவனே அந்தச் சொல்லை வசவாகத் திருப்பி வீசுகிறான். அகராதியில் இருப்பது பொருள் மட்டும். ஒரு சொல்லின் தொனி எப்படித் தலைகீழாகும் என்பதை இந்தக் காட்சியில்தான் கேட்க முடியும்.

மேக்பெத், ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே சிறியது. சொற்செறிவிலோ சீசர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ‘இக்விவகேட்’ என்ற ஒரு சொல் போதும். பொய் சொல்லாமலேயே இருபொருள்படப் பேசி ஏய்ப்பது என்று பொருள். 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த வெடிமருந்துச் சதியை ஒட்டி, ஏசு சபைத் துறவி ஹென்றி கார்னெட் 1606இல் தூக்கிலிடப்பட்டார். அவர் மீதான விசாரணையில் அடிபட்ட சொல் இது. நாடகத்தில் அரசன் டங்கன் கொலையுண்ட இரவு, கதவு தட்டப்படுகிறது. போதையிலிருக்கும் வாயிற்காவலன் தன்னை நரகத்தின் காவலனாகப் பாவித்து, அப்படி இரட்டை நாக்கால் பேசிய ஒருவனை உள்ளே வரவேற்கிறான். ஊரெல்லாம் பேசிய வழக்கு, அரங்கம் சிரித்திருக்கும். ஐந்தாம் அங்கத்தில், காடு நகர்ந்து வருகிறது என்ற சேதி கேட்டதும் அதே சொல் மேக்பெத்தின் வாயிலிருந்தே வருகிறது. காடு நகரும்வரை தோல்வியில்லை என்று குறி சொன்னவர்கள் தன்னை எப்படி ஏய்த்தார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்குகிறது. இதைப் படித்தவருக்கு அந்தச் சொல் மறக்குமா?

வேடிக்கை என்னவென்றால், மேக்பெத்துக்குள்ளேயே ஒரு சொற்பட்டியலும் இருக்கிறது. நான்காம் அங்கத்தில், இங்கிலாந்தில் தஞ்சமிருக்கும் இளவரசன் மால்கம் அரசனுக்குரிய பன்னிரண்டு குணங்களை அடுக்குகிறான்: வெரிட்டி, டெம்பரன்ஸ், ஃபார்டிட்யூட் என்று நீள்கிறது வரிசை. தேர்வுக்குப் படிப்பவர் துள்ளிக் குதிப்பார். ஆனால் அவற்றில் ஒன்றும் மனத்தில் ஒட்டுவதில்லை. அந்தச் சொற்களால் மேடையில் எதுவும் நடப்பதில்லை. அதே காட்சியில் ‘அவரிஸ்’ எனும் பேராசை மட்டும் தப்பிக்கிறது. காரணம், அது காமத்தைவிட ஆழமாக வேரூன்றுவது என்று ஸ்காட்லாந்துப் பிரபு மக்டஃப் மால்கமிடம் சொல்கிறான்.

இன்றைய பொருளில் படித்தால் ஏமாற்றும் பொறிகள் இரண்டிலும் உண்டு. மேக்பெத்தில் வரும் ‘லக்சூரியஸ்’ ஆடம்பரத்தைக் குறிப்பதில்லை, காமவெறியைக் குறிக்கிறது. சீசரில் வரும் ‘சென்ஷர்’ கண்டனம் ஆகாது, சீர்தூக்கித் தீர்ப்பளிப்பது. ‘ஃபாண்ட்’ என்றால் அங்கே அசட்டுத்தனம். என் கணிப்பில் சீசரின் பொறிதான் ஆபத்தானது. மேக்பெத் கடினமாக இருப்பதால் நாமே அகராதியைத் தேடிப் போவோம். சீசர் புரிவதுபோல் தோன்றுவதால், தவறான பொருளோடு நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். குறிப்புரை உள்ள பதிப்பு எளிய நாடகத்துக்குத்தான் அதிகம் தேவை.

ஜிஆர்இ தேர்விலும் எதிர்ச்சொல் கேள்விகள் 2011இல் எடுக்கப்பட்டுவிட்டன. வாக்கியத்துக்குள் சொல் என்ன வேலை செய்கிறது என்றே கேட்கிறார்கள். ஆகவே ஆண்டனியின் உரையை முதலில் வாய்விட்டுப் படிக்கலாம். பிறகு மேக்பெத்தின் இரண்டாம் அங்கம். மால்கமின் பட்டியல் கடைசியில் வரட்டும்.