வானம் ஒன்று, நகரங்கள் இரண்டு

நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தியவர் தொல்காப்பியர். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகவும் அவர் பகுத்துரைத்தார். வழிநூல் என்பதனாலேயே ஒரு படைப்புத் தாழ்ந்துவிடுவதில்லை. கம்பரின் இராமகாதை ஒன்றே இதற்குப் போதிய சான்றாகும். எனவே, பிறமொழித் திரைப்படம் ஒன்றை ஆங்கிலத்தில் மீண்டும் எடுப்பது தன்னளவில் குற்றமாகாது. ஆயினும், மறுஆக்கத்தை விடுத்து மூலத்தையே நம் மனம் நாடுகிறது எனில், அதற்குக் காரணம் யாது? மொழிப்பற்றா, பழமைப்பற்றா, அன்றி வேறொன்றா? இவ்வினாவிற்கு விடை காண, ஒரு ஜெர்மானியப் படத்தையும் அதன் அமெரிக்க வடிவத்தையும் ஈண்டு ஒப்பு நோக்குவோம்.

பிளவுண்ட நகரின் வானவர்

விம் வெண்டர்ஸ் இயக்கிய 'டெர் ஹிம்மெல் ஊபர் பெர்லின்' 1987இல் வெளிவந்தது. 'பெர்லினுக்கு மேலுள்ள வானம்' என்பது இதன் பொருள். 'ஹிம்மெல்' என்னும் ஜெர்மன் சொல் வானத்தையும் வானுலகையும் ஒருங்கே குறிக்கும். நம் 'வான்' என்னும் சொல்லும் அத்தகையதே. 'வானோர்' என்னும் வழக்கை நினைக. ஆங்கிலத்தில் இப்படத்திற்கு 'விங்ஸ் ஆஃப் டிஸயர்' எனப் பெயரிட்டனர். நகரின் பெயரும் வானமும் அத்தலைப்பில் இடம்பெறாது போயின.

சில ஆண்டுகள் அமெரிக்காவில் படமெடுத்தபின் தாயகம் திரும்பிய வெண்டர்ஸ், ரில்கேயின் கவிதைகளில் தோய்ந்திருந்ததனால் வானவர் பற்றிய எண்ணம் தமக்கு எழுந்ததாகக் கூறியுள்ளார். முழுமையான திரைக்கதை இன்றியே படப்பிடிப்புத் தொடங்கிற்று. பின்னாளில், 2019இல், நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய எழுத்தாளர் பீட்டர் ஹாண்ட்கே, உரையாடல்கள் சிலவற்றையும் குழந்தைமை பற்றிய கவிதை ஒன்றையும் எழுதி அளித்தார்.

டாமியேல், காசியேல் என்னும் வானவர் இருவர் பெர்லின் மாந்தரின் உள்ளக் குரல்களைச் செவிமடுத்தவாறு உலவுகின்றனர். வானவர் காணும் உலகு கறுப்பு வெள்ளையாகவும், மனிதர் காணும் உலகு வண்ணத்திலும் காட்டப்பெறுகிறது. சர்க்கஸில் அந்தரத்தில் ஊசலாடும் மரியோன் என்னும் பெண்ணிடம் மனம் இழந்த டாமியேல், மனிதனாக வாழ விழைகிறான். கதை இவ்வளவே. ஆனால் இக்கதை நிகழும் நகரம், 1961 ஆகஸ்டு 13 முதல் பிளக்கப்பட்டுக் கிடந்த நகரம். அதன் தெருக்களைச் சுவர் பிளந்தது. வானத்தைப் பிளக்க அதனால் இயலவில்லை. கிழக்கு ஜெர்மனி படப்பிடிப்புக்கு இசைவு தராமையால், சுவரை ஒத்த ஒரு போலிச் சுவரையே படக்குழுவினர் எழுப்ப நேர்ந்தது.

டாமியேல் மனிதனாகும் இடம் அச்சுவரின் அடிவாரமே. தன் தலையில் கசிந்த குருதியைச் சுவைத்துப் பார்த்து வியக்கிறான். அவ்வழியே செல்பவர் ஒருவரை நிறுத்தி, சுவரில் தீட்டப்பட்ட ஓவியங்களின் நிறங்களுக்குப் பெயர் கேட்கிறான். மனிதப் பிறவியில் அவன் கற்கும் முதல் வண்ணங்கள், சிறைச்சுவர் ஒன்றின்மீது யாரோ தீட்டிச் சென்ற வண்ணங்கள்! காதற்கதையும் நகரின் வரலாறும் இங்குப் பிரிக்கவொண்ணாதவாறு பின்னிக்கிடக்கின்றன.

இடம் தேடும் முதியவர்

படத்தில் ஹோமர் என்னும் பெயருடைய முதிய கதைசொல்லி ஒருவர் வருகிறார். புதரும் புழுதியுமாய்க் கிடக்கும் வெற்றுவெளியில் நின்று, பாட்ஸ்டாமர் சதுக்கம் எங்கே எனத் தேடுகிறார். இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் ஐரோப்பாவிலேயே மிகுந்த நெரிசல் கொண்ட சந்திப்புகளுள் ஒன்று அச்சதுக்கம். போரில் குண்டுகளால் சிதைந்து, பின்னர் நடுவே சுவர் எழுந்து, அது பாழ்நிலமாயிற்று. தாம் காப்பி அருந்திய இடத்தை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முதியவர், கண்ணெதிரே அதைக் காணாமல் தளர்ந்து அமர்கிறார்.

அவ்வேடம் ஏற்ற கர்ட் போயிஸ் 1901இல் பெர்லினிலேயே பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே நடிக்கப் புகுந்தவர். யூதராதலின், 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டைவிட்டு வெளியேறினார். ஹாலிவுட்டில் சிறுவேடங்களில் காலம் கழித்தார். 'காசபிளாங்கா' (1942) படத்தில் வரும் பிக்பாக்கெட்காரர் இவரே. 1950இல் தாயகம் திரும்பினார். திரையில் தம் சதுக்கத்தைத் தேடும் அம்முதியவர், மெய்யாகவே அதை இழந்தவர். இதனை வேறொரு நடிகரைக் கொண்டு, வேறொரு நகரில் மீண்டும் எடுத்தல் எங்ஙனம்?

'தேவதைகளின் நகரம்'

இப்படத்தின் ஆங்கில மறுஆக்கமான 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்', பிராட் சில்பர்லிங் இயக்கத்தில் 1998இல் வெளிவந்தது. நிக்கோலஸ் கேஜ் வானவராகவும் மெக் ரயன் இதய அறுவை மருத்துவராகவும் நடித்தனர். வானவன் மனிதனாகிறான், ஓரிரவு இன்பத்திற்குப்பின், மிதிவண்டியில் வந்த காதலி லாரியில் மோதி இறக்கிறாள். படம் பெரும் வசூல் ஈட்டியது.

ஒன்றை ஒளியாமல் கூறவேண்டும். நான் முதலில் கண்டது மறுஆக்கத்தையே. கல்லூரி மாணவியாக இருந்த அந்நாளில் அதைக் கண்டு கண்ணீர் விட்டேன். விடியற்காலைக் கடற்கரையில் கறுப்புடை அணிந்த வானவர் திரண்டு நிற்கும் காட்சி இன்றும் அழகியதே. பல்லாண்டுகள் கழித்தே மூலத்தைக் கண்டேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளின் துணையால்தான் அதையும் அறிந்தேன். ஆகவே, என் விருப்பம் மொழித்தூய்மை பற்றியதன்று.

மறுஆக்கத்தின் குறை, பெர்லினை விட்டு நீங்கியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சென்று அடையாமையே. அந்நகரின் பெயரிலேயே வானவர் உளர். அதற்கும் ஆறாத புண் உண்டு. ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதும், 1992 ஏப்ரல் 29 அன்று அங்குக் கலவரம் மூண்டு, 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படம் வந்தது அதன்பின் ஆறே ஆண்டுகளில். மக்களின் உள்ளக் குரல்களையெல்லாம் கேட்கவல்ல வானவர் செவியில் அத்தெருக்களின் குரல் ஒன்றேனும் விழவில்லை. ஊரின் நினைவைச் சுமக்கும் கதைசொல்லியும் இப்படத்தில் இல்லை. காதல் மட்டும் எஞ்சியது. அக்காதலுக்கு ஊர் இல்லை.

கம்பர் வான்மீகியின் கதையைப் பெற்றுக்கொண்டு, கோசலத்தைப் பாடும்போதும் தாம் அறிந்த சோழநாட்டு நீர்வளத்தை அதில் பாய்ச்சினார். வழிநூல் புதிய முதல்நூலாகும் வித்தை அதுவே. அமெரிக்க வடிவம் கதையைப் பெயர்த்தெடுத்தது. தன் மண்ணில் அதை ஊன்ற மறந்தது.

நிறைவாக

படம் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1989 நவம்பர் 9 அன்று, சுவர் வீழ்ந்தது. பாட்ஸ்டாமர் சதுக்கத்தில் பின்னர் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. முதியவர் தளர்ந்து அமர்ந்த அப்பாழ்வெளியை இன்று அங்குச் சென்று காண இயலாது. படத்தில்தான் காண இயலும். காதற்கதையாகப் பிறந்த படைப்பு, ஒரு நகரின் ஆவணமாகவும் நிலைபெற்றுவிட்டது.

மூலத்தை நாம் விரும்புவது அது முதலில் பிறந்தது என்பதனால் அன்று. தான் பிறந்த ஊரை அது மறவாமையால். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் கவிஞர்கள் பிறமொழிக் கவிதைகளைத் தமிழில் தருங்கால், இவ்வொரு வினாவைத் தம் மேசைமேல் வைத்துக்கொள்வாராக: இக்கவிதை புறப்பட்ட ஊர் எது? வந்து சேர்ந்த ஊர் எது?