லிச்கேட்

இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்கள் பலவற்றில், கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் கூரை போட்ட வாசல் ஒன்று நிற்கும். பெயர் லிச்கேட். பழைய ஆங்கிலத்தில் ‘லிச்’ என்றால் உடல்; பிணத்தையும் குறிக்கும். சவப்பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி, பாதிரியாருக்காகக் காத்திருந்த இடம் இது. அவர் வாசலுக்கே வந்து உடலை எதிர்கொள்ள வேண்டும் என்கிறது 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம். எத்தனை பெரிய மரியாதை!

‘போல’ எனப் பொருள்படும் ஆங்கில ‘லைக்’, ‘ஃபிரெண்ட்லி’யின் வாலில் ஒட்டிய ‘லி’ இரண்டும் ‘லிச்’ பிறந்த அதே வேரில் பிறந்தவைதான். உடல் உருவமாகி, உருவம் ஒப்புமையாகிவிட்டது. இறந்தவர்களுக்கென எழுந்த அந்த வாசல் வழியாகத்தான் இன்று மணமக்களும் வெளியே வருகிறார்கள்.