மரமாக நிற்கக் கற்பது



சிங்கப்பூர் வரலாற்றில் 1987ஆம் ஆண்டு ஆசிரியர்களாகிய நமக்கு மறக்க முடியாத ஆண்டு. அந்த ஆண்டில்தான் நாட்டின் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்ட ஒரே தேசிய முறையின்கீழ் வந்தன. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி அதற்கு முன்பே, 1982ல், மூடப்பட்டுவிட்டது. அதே 1987ல் இங்கு ஒரு நாடகமும் அரங்கேறியது. குவோ பாவ் குன் எழுதிய அந்நாடகத்தின் பெயரைத் தமிழில் ‘அசட்டுச் சிறுமியும் விசித்திரக் கிழமரமும்’ என்று சொல்லலாம். இவ்விரண்டையும் நான் சேர்த்து நினைப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

கதை எளியது. ஒரு சிறுமிக்கும் ஒரு முதிய மரத்திற்கும் இடையே நட்பு மலர்கிறது. மரம் நிற்கும் நிலத்தை மேம்படுத்தும் திட்டம் வருகிறது. சிறுமி மரத்திற்காகப் போராடுகிறாள். இறுதியில் மரம் வீழ்த்தப்படவில்லை. ஆனால் கிளைகள் கழிக்கப்பட்டு, ஒழுங்கான அழகுப் பொருளாக உருமாறி நிற்கிறது. காப்பாற்றப்பட்ட மரம் அவளுடைய பழைய மரம்தானா? இக்கேள்வியோடு நாடகம் நம்மை விட்டுவிடுகிறது.

இதை எழுதியவரின் வாழ்வையும் சிறிது அறிய வேண்டும். 1939ல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்த குவோ, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்தார். சிட்னியில் நாடகம் பயின்று திரும்பி, 1965ல் தம் துணைவியார், நடனமணி கோ லே குவானுடன் இணைந்து நிகழ்கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1976ல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாகி, நான்கரை ஆண்டுகளுக்கும் மேல் காவலில் இருந்தார். 1977ல் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1992ல்தான் திரும்பக் கிடைத்தது. அதற்கு முன்பே நாட்டின் உயரிய கலை விருதாகிய கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. கிளை கழிக்கப்பட்ட மரத்தைப் பற்றி எழுதியவர், அதைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர் அல்லர்.

இனி நடிகரின் பக்கம் வருவோம். இத்தகைய நாடகத்தில் மரமாக வருபவர் எப்படித் தம்மைத் தயார் செய்துகொள்வார்? ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிகருக்குக் கற்பித்த வழி, பாத்திரம் எதை விரும்புகிறது என்று கேட்பது. மனிதனிடம் அக்கேள்விக்கு விடை கிடைக்கும். மரம் எதை விரும்பும்? நீர், ஒளி, நிற்க ஓர் இடம். அவ்வளவுதான். போலந்தின் குரோட்டோவ்ஸ்கி இன்னும் கடுமையான வழியைக் காட்டினார். 1968ல் நூலாக வெளிவந்த அவருடைய ‘ஏழை அரங்கு’ என்னும் கருத்து, ஒப்பனை, காட்சித்திரை, ஒளி அலங்காரம் யாவற்றையும் விலக்கி, நடிகரையும் பார்வையாளரையும் மட்டும் எஞ்சவைத்தது. பச்சை அட்டையில் இலை வெட்டி ஒட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. உடலே மரமாக வேண்டும்.

இதனைப் புத்தம் புதிய மேலைச் சோதனை என்று எண்ணிவிடக் கூடாது. குரோட்டோவ்ஸ்கியுடன் பயின்ற யூஜெனியோ பார்பா 1963ல் கேரளக் கலாமண்டலத்திற்கு வந்து, கதகளி மாணவர்களின் உடற்பயிற்சியைக் கண்டு வியந்து, அதைத் தம் குருவிடம் எடுத்துச் சென்றார். கூடியாட்டத்தில் கைலாய மலையை இராவணன் தூக்கும் பகுதி புகழ்பெற்றது. மேடையில் மலை ஏதும் இராது. நடிகரின் கண்கள் அடிவாரத்திலிருந்து மெல்ல மெல்ல மேலேறும், பக்கங்களுக்குப் படரும். பார்ப்பவர் கண்ணெதிரே மலை எழுந்துவிடும். ஜப்பானிய நோ நாடகத்திலோ மரங்களே பாத்திரங்கள். செயாமியின் ‘தக்கசாகோ’வில் முதிய தம்பதியராக வருபவர்கள் உண்மையில் இரண்டு பைன் மரங்களின் ஆவிகள். நோ நடிகர் குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் இழைந்து நடக்கப் பல்லாண்டு பழகுகிறார். வேர் என்பதைக் கால் அறிந்துகொள்ளும் வழி அது.

இம்மரபுகள் ஒன்றுகூடிய இடமும் நம் ஊரில்தான் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் குவோவும் தி. சசிதரனும் நடிகர்களுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். கூடியாட்டம், நோ, பெய்ஜிங் இசைநாடகம், ஜாவாவின் வயாங் வோங் ஆகிய நான்கையும் அந்தந்தக் கலையின் ஆசான்களிடமே மாணவர் பயில வேண்டும் என்பது அதன் அடிப்படை. குவோ 2002ல் மறைந்தார். திட்டம் தொடர்ந்து, பின்னர்ப் பண்பாட்டிடை நாடகக் கழகமாகப் பெயர் மாறியது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள எமிலி குன்றில் அது சில ஆண்டுகள் இயங்கியது. சிராங்கூன் சாலையில் நாம் பூ வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அருகே ஒரு குன்றின்மேல் யாரோ கண்களால் மலை எழுப்பப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

தமிழரிடம் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதைப் பற்றித் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்துள்ளது. நற்றிணையில் ஒரு பெண், தான் சிறுவயதில் வளர்த்த புன்னை மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லியிருந்ததே காரணம். குவோவின் சிறுமிக்கும் இப்பெண்ணுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. எனினும் மரத்தை உறவாகக் கொண்ட மனம் ஒன்றே. சிறுமியாக நடிப்பவர் தயாராக வேண்டுமானால், அவருக்கு நான் இப்பாடலைத்தான் கொடுப்பேன்.

மரமாக நடிப்பவருக்கோ ஒரு மரத்தையே காட்டுவேன். சிங்கப்பூர்ச் சாலைகளில் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்வதால் தமிழர் அதற்கு இப்பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் அதனை ‘ஐந்து மணி’ மரம் என்றனர். மழை வருமுன்னும் இலை மூடுவதாகச் சொல்லி ஆங்கிலேயர் மழைமரம் என்றனர். ஒரே மரம், மூன்று மொழிகள், மூன்று பார்வைகள். நடிகர் ஒரு மாலைப்பொழுது அதன்கீழ் நின்று, இலைகள் மடியும் வேகத்தைத் தம் விரல்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அசையாமல் நிற்பது வேறு, மரமாக நிற்பது வேறு என்பது அப்போது புரியும்.

பள்ளி நாடகங்களில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அரசன் வேடம். தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு மரம். எஞ்சிய வேடம் எஞ்சிய பிள்ளைக்கு என்பதே நம் வழக்கம். குவோ அந்த எஞ்சிய வேடத்தை நாடகத்தின் நடுவில் நிறுத்தினார். அவ்வேடத்தின் மிகக் கடினமான பகுதி இறுதியில்தான் வருகிறது. கழிக்கப்பட்ட பிறகும் நிற்க வேண்டும். முன்பு விரிந்திருந்த கை இப்போது இல்லை என்பதைப் பார்வையாளர் உணர வேண்டுமானால், நடிகர் முதலில் அக்கையை முழுமையாக விரித்திருக்க வேண்டும். விரியாத கிளையை யாரும் இழக்க முடியாது.

சிங்கப்பூர் மரங்களை வெறுத்த நாடு அன்று. 1963ல் திரு லீ குவான் இயூ மரம் நட்டு இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2001ல் மரபுடைமை மரங்களைக் காக்கும் திட்டமும் வந்தது. எனவே குவோவின் கேள்வி மரம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எவ்வளவு வெட்டிய பிறகும் அதனை அதே மரம் என்று அழைக்கலாம் என்பதே. அடுத்த ஆண்டு, 1988ல், ‘பூனையைத் தேடும் அம்மா’ நாடகத்தில் அவர் பல மொழிகளை ஒரே மேடையில் பேசவைத்தார். அதில் ஹொக்கியன் பேசும் மூதாட்டி, தமிழ் பேசும் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். அவரும் பூனையைத் தேடுகிறவர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் சைகையாலும் குரலாலும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளோடு பேச இயலாத தாய்க்கு, அந்நியராகிய தமிழரோடு பேச முடிகிறது.

1987ஐயும் அந்த மரத்தையும் நான் சேர்த்து நினைப்பது இதனால்தான். தமிழ் இங்கு வெட்டி வீழ்த்தப்படவில்லை. அதிகாரத்துவ மொழியாக, பாடமாக, தேர்வுத்தாளாக ஒழுங்காக நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர் வீடுகளில் மிகுதியும் பேசப்படும் மொழி ஆங்கிலம். நம் வகுப்பிலுள்ள பிள்ளைகள் பலர் தமிழின் விரிந்த கிளைகளைக் கண்டதே இல்லை. அவர்களிடம் இழப்பைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை. விரிந்திருந்த மரத்தை முதலில் காட்ட வேண்டியது நம் கடமை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி நாடகத்தில் ஒரு மரம் இருந்தால், அவ்வேடத்தை ஏற்கும் பிள்ளையை ஒத்திகைக்கு முன் ஒரு மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அது எப்படி நிற்கிறது, காற்றில் எந்தக் கிளை முதலில் அசைகிறது, அதன் நிழலில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல் வராவிட்டால் காத்திருங்கள். வசனமே இல்லாத அப்பிள்ளைக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கக்கூடும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்