கை விலகினால் கண் விலகலாமா?

ஒரு காலத்தில் தோட்டா என்பது கையால் கட்டிய காகிதப் பொட்டலம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 ஜூன் 17-இல், வாஷிங்டன் படைக்கலத் தொழிற்சாலையில் அந்த வேலை செய்த 21 பெண்கள் மாண்டார்கள். வெளியே வெயிலில் காயவைத்த வாணவேடிக்கை மருந்து தீப்பற்றியதே காரணம். இறுதிச் சடங்கில் அதிபர் லிங்கனும் கலந்துகொண்டார்.

பின்னர் உலோகத் தோட்டாவும் அதைச் செய்யும் இயந்திரங்களும் பரவின. இன்று அங்கே உரிமம் பெற்ற சிறு பட்டறைகளும், சுட்ட தோட்டாவின் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பும் பொறியை மோட்டாரால் ஓட்டுகின்றன. கைப்பிடியை இழுப்பவர் தடங்கலைக் கையிலேயே உணர்வார், மோட்டார் உணராது. மருந்து இரட்டித்தால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். ஆகவேதான் அளவு பிசகினால் பொறியை நிறுத்தும் சென்சார் தேவைப்படுகிறது. வேகத்தை இயந்திரத்திடம் விடலாம், விழிப்பை விடலாகாது.